அந்தக் கைப்பிடியை எங்கே பார்த்தேன்

வெள்ளிக்கிழமை சாயங்காலம் நான்கு மணி இருக்கும். ஓனர் என் மேஜைக்கு வந்து இரண்டு அட்டைப்பெட்டிகளை ஒட்டினாற்போல் வைத்தார். ஒன்று நான் செய்தது. இன்னொன்று நான் செய்ததல்ல. ஆனாலும் இரண்டும் அண்ணன் தம்பி மாதிரி இருந்தன.

"நோடப்பா," என்றார், பாரப்பா என்று. அவர் கன்னடத்தில் ஆரம்பித்துத் தமிழில் முடிப்பவர். "இந்த டிசைன் எங்கிருந்து வந்துச்சு?"

"நான்தான் சார் போட்டேன்."

"போட்டது நீதான். எங்க பார்த்துப் போட்டே? அதைச் சொல்லு."

பாப்பா, தம்பி, அந்த மூன்று நாளும் நான் ஏன் எல்லோர்மேலும் எரிந்து விழுந்தேன் என்று நீங்கள் இரண்டு பேரும் கேட்கவே இல்லை. கேட்காமலே ஓரமாக நடந்துகொண்டீர்கள். அதனால்தான் எழுதுகிறேன். எனக்கு எழுத்து அவ்வளவாக வராது, பத்தாவதோடு நின்றவன். பள்ளிக்கூட பாரத்தில் அப்பாவின் தொழில் என்ற இடத்தில் பாப்பா 'பாக்ஸ் கம்பெனி' என்று எழுதினாள். தப்பில்லை. ஆனால் பெங்களூர் பீன்யாவில் அந்தக் கம்பெனிக்குள் நான் செய்கிற வேலைக்கு டிசைனர் என்று பெயர். முதலில் அட்டை வெட்டுகிற பஞ்சிங் மெஷினில் நின்றேன். அட்டை எங்கே மடிந்தால் நிற்கும், எங்கே மடிந்தால் கிழியும் என்று அங்கே நின்று நின்று கைக்குத் தெரிந்துபோயிற்று. ஒரு நாள் ஓனர் அதைப் பார்த்துவிட்டு என்னை மெஷினிலிருந்து எடுத்து மேஜையில் உட்கார வைத்தார். அந்த மேஜை போய்விடுமோ என்பதுதான் அந்த மூன்று நாள் பயம்.

விஷயம் இதுதான். சமையலறைக்கான கண்ணாடி ஜாடி விற்கிற ஒரு கம்பெனி, மூன்று ஜாடி வைக்கிற பெட்டி கேட்டிருந்தது. ஜனங்கள் போனில் ஆர்டர் போட, டெலிவரிக்காரர் பைக்கில் கொண்டுபோய்ப் போடுகிற பெட்டி. போகிற வழியில் ஜாடிகள் உடைந்துகொண்டே இருந்தன. நான் போட்ட பெட்டிக்கு இரண்டு சுவர். வெளிச்சுவருக்கும் உள்சுவருக்கும் நடுவில் ஒரு விரல் இடைவெளி. வெளியே அடிபட்டால் அடி அந்த இடைவெளியோடு நின்றுவிடும். பசை கிடையாது, டேப் கிடையாது. ஒரே அட்டையை மடித்து, அதன் நாக்கை ஒரு கீறலுக்குள் செருகினால் பூட்டிக்கொள்ளும். இரண்டு பக்கமும் தூக்குவதற்கு அரைவட்டமாக ஒரு கைப்பிடி. அந்த அரைவட்டத் துண்டை வெட்டி எறியாமல் உள்பக்கம் மடித்துவிட்டிருந்தேன். அட்டையின் விளிம்பு உள்ளங்கையை அறுக்காது.

பீன்யாவிலேயே இன்னொரு பாக்ஸ் கம்பெனி ஜாடிக் கம்பெனிக்கு மெயில் போட்டிருந்தது: 'இந்தப் பெட்டி எங்களுடையது. அவர்கள் ஆள் இரண்டு மாதம் முன்னால் எங்கள் இடத்துக்கு வந்து பார்த்துவிட்டுப் போய்க் காப்பி அடித்திருக்கிறான். எங்கள் பசையை எடுத்துவிட்டு நாக்கு வைத்ததுதான் அவன் செய்த ஒரே வேலை.' இதுதான் மெயில்.

போனது உண்மைதான். அவர்கள் ஒரு பழைய மெஷினை விற்கிறார்கள் என்று ஓனரோடு நானும் போயிருந்தேன். ஓனர் விலை பேசுகிறவரை நான் ஒரு ஷெல்ஃப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். அந்த ஷெல்ஃப் நிறையப் பெட்டிகள்.

"திங்கக்கிழமை பதினோரு மணிக்கு ரெண்டு பார்ட்டியும் இங்க வராங்க," என்றார் ஓனர். "நீ சொந்தமா போட்டதுக்கு என்ன ப்ரூஃப் இருக்கு? பழைய சாம்பிள் இருக்கா?"

இல்லை. அதுதான் நான் செய்த முட்டாள்தனம். எங்கள் இடத்தில் சரிவராத சாம்பிளை அன்றைக்கே கழிவு அட்டைக் கட்டோடு சேர்த்துவிட வேண்டும், இல்லையென்றால் இடத்தை அடைக்கிறது என்று ஓனர் கத்துவார். வேறு கம்பெனிகளில் ஒவ்வொரு சாம்பிளிலும் தேதி போட்டு, கையெழுத்துப் போட்டு அடுக்கி வைப்பார்களாம். நான் எதையும் வைத்ததில்லை.

"ப்ரூஃப் இல்லேன்னா நான் இன்னா பண்றது? என் ஆள் எனக்குத் தெரியாம பண்ணிட்டான்னு சொல்லித்தான் ஆர்டரைக் காப்பாத்தணும். அப்புறம் பீன்யாவில யாரும் உனக்கு டேபிள் குடுக்க மாட்டாங்க. யோசிச்சுக்க."

மிரட்டலாக அவர் அதைச் சொல்லவில்லை. டீ குடித்துக்கொண்டே சொன்னார்.

அன்று வீட்டுக்கு வரும்வரை மெட்ரோவில் ஒரே கேள்வி. எங்கே பார்த்தேன்? நான் திருடவில்லை என்று எனக்குத் தெரியும். ஆனால் கண் ஒன்றைப் பார்த்து, எனக்குச் சொல்லாமலே கையிடம் கொடுத்திருந்தால்? யோசனை வரும்போது அதன்மேல் எந்த ஊரிலிருந்து வந்தது என்று சீட்டு ஒட்டியிருப்பதில்லையே.

சனிக்கிழமை காலையில் உங்கள் அம்மாவிடம் சொன்னேன். அவள் தோசைக்கல்லிலிருந்து திரும்பவே இல்லை.

"சாம்பிள் இல்லியா? வீடு பூரா உங்க சாம்பிள்தாங்க இருக்குது. உருளைக்கெழங்கு எதுல போட்டு வெச்சிருக்கேன்? தம்பியோட கிரிக்கெட் கார்டு எதுல இருக்குது? கழிவுன்னு நீங்க கொண்டாந்து குமிக்கிறதை நான்தான கூட்டிக்கினு இருக்கேன்."

அப்போதுதான் எனக்கு உறைத்தது. கழிவுக் கட்டோடு சேர்க்க மனசு வராமல் சில அட்டைகளை வீட்டுக்குக் கொண்டுவருவேன். ஸ்டூல் போட்டு ஏறி பீரோவின் மேலே தடவினேன். தூசிக்குள்ளிருந்து பாப்பாவின் வீடு வந்தது. மழைநீர் சேகரிப்பு பிராஜெக்ட்டுக்காக அவள் செய்த அட்டை வீடு. ஸ்ட்ரா வைத்த குழாய், பாட்டில் மூடித் தொட்டி, நீல பெயிண்ட். அந்த வீட்டின் சுவர் நான் முதன்முதலில் போட்டுத் தோற்றுப்போன ஜாடிப் பெட்டி. இரண்டு சுவர். ஒரு விரல் இடைவெளி. நாக்கு கீறலுக்குள் நுழைந்த பூட்டு. அடியில் டீச்சரின் சிவப்பு மைக் கையெழுத்து, தேதியோடு. நாங்கள் அந்தக் கம்பெனிக்குப் போன நாளுக்கு ரொம்ப முந்திய தேதி.

"பாப்பா, இதை நான் திங்கக்கிழமை எடுத்துக்கினு போறேன். பிரிச்சுக் காட்ட வேண்டியிருக்கும்."

"பிரிச்சா திரும்ப ஒட்டிக் குடுப்பியா?"

"இதுல ஒட்டவே இல்லியேம்மா. எல்லாம் மடிப்புதான்."

"குழாய் ஒட்டினது. அதுல கை வெக்காத," என்றாள். சரியென்று சொன்னேன். அன்று பகல் முழுக்க நான் விசில் அடித்தது உங்களுக்கு ஞாபகம் இருக்கலாம்.

ஆனால் சாயங்காலம் அந்த விசில் நின்றுவிட்டது. டீச்சர் கையெழுத்து எப்போது என்பதைச் சொல்லும். எங்கிருந்து என்று கேட்டால்? எந்த வேலையையும் நான் ஆகாசத்திலிருந்து இறக்கியதில்லை. அந்த இரண்டு சுவரும் எங்கோ பார்த்ததுதான். யோசித்துக்கொண்டே வீட்டைத் தூக்கி அதன் நடு இடைவெளி வழியாக லைட்டைப் பார்த்தேன். வெளிச்சம் இரண்டு அட்டைக்கும் நடுவில் மஞ்சளாக நின்றது. அப்போது தெரிந்துவிட்டது.

ஞாயிற்றுக்கிழமை காலையில் உங்கள் அத்தை வீட்டுக்குப் போனேன். நாம் இருக்கிற அதே மர்பி டவுனில் இரண்டு சந்து தள்ளி. அக்கா ஒரு ஆபீசில் ஹவுஸ்கீப்பிங் வேலை செய்கிறாள், ஞாயிறு மட்டும்தான் லீவு. துணி துவைத்துக்கொண்டிருந்தாள்.

"இன்னாடா, லீவு நாள்ல காலங்காத்தால? உன் பொண்டாட்டி வெரட்டிட்டாளா?"

"அக்கா, பவுர்ணமிக்கு மெழுகுவர்த்திக்குக் காயிதத்துல ஒரு மறைப்பு செய்வியே, அதை ஒரு தபா செஞ்சு காட்டேன்."

"வெசாகம் எப்பவோ முடிஞ்சுபோச்சே. இப்ப இன்னாத்துக்கு?"

"செய்க்கா. அப்புறம் சொல்றேன்."

வைகாசிப் பவுர்ணமிக்கு எங்கள் சந்தில் புத்தர் படம் வைத்திருக்கிற வீடுகள் எல்லாம் வாசலில் மெழுகுவர்த்தி ஏற்றும். மெயின் ரோட்டுக் காற்று சந்துக்குள் வந்து ஒவ்வொன்றாக அணைத்துவிடும். கண்ணாடி மறைப்பு வாங்க எங்களிடம் வசதி இல்லை. அக்கா பழைய காலண்டர் தாளை மடித்து வர்த்தியைச் சுற்றி நிறுத்தினாள். முதல் வருஷம் ஒற்றைத் தாள், வர்த்திப் பக்கம் பழுப்பாகிக் கருகிப்போயிற்று. அடுத்த வருஷம் உள்ளே ஒன்று வெளியே ஒன்று என்று இரண்டாக மடித்து நடுவில் ஒரு விரல் இடம் விட்டாள். வெளித்தாள் சூடாகவே இல்லை. பசை போட்டால் சூட்டில் விட்டுவிடும் என்று நாக்கைக் கீறலில் செருகினாள். நான் பக்கத்தில் உட்கார்ந்து வர்த்தி எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தேன். அவ்வளவுதான். யாரும் எனக்கு எதையும் கற்றுக்கொடுக்கவில்லை.

அக்கா ஈரக்கையை நைட்டியில் துடைத்துவிட்டு ஒரு காலண்டர் தாளைக் கிழித்தாள். இரண்டு நிமிஷம்கூட ஆகவில்லை. தரையில் நிறுத்தினாள். என் பெட்டி. அளவு சின்னது, மற்றபடி அதே மடிப்பு, அதே நாக்கு.

விஷயத்தைச் சொன்னேன். அக்கா கைகொட்டிச் சிரித்தாள். "அப்போ என் டிசைனை நீ திருடினே, அவனோ தன் டிசைனை நீ திருடினேன்றான். போலீசு எந்த வீட்டுக்கு வரும்?"

எனக்கும் சிரிப்பு வந்தது. இரண்டு நாள் நெஞ்சில் இருந்த கல் இறங்கினது போல இருந்தது. புறப்படும்போது உங்களுக்கென்று மூன்று கிலோ சீதாப்பழத்தை மெல்லிய பிளாஸ்டிக் பையில் போட்டுக் கொடுத்தாள். சந்து முனை வருவதற்குள் பையின் காது உள்ளங்கையை அறுத்தது. கை மாற்றினேன். கையில் சிவப்பாக ஒரு கோடு. அந்தக் கோட்டைப் பார்த்தபடியே நான் சந்து முனையில் நின்றுவிட்டேன்.

அந்தக் கம்பெனியின் ஷெல்ஃப். நான் சும்மா உட்கார்ந்திருக்கவில்லை. ஒரு பெட்டியைத் தூக்கிப் பார்த்தேன். உள்ளே ஏதோ கனமான சாமான் இருந்தது. அட்டை அறுக்கும் என்று கையைத் தயார் பண்ணிக்கொண்டு தூக்கினேன். அறுக்கவில்லை. 'அட' என்று ஒரு கணம் நினைத்தேன். அப்புறம் ஓனர் கூப்பிட்டார், வைத்துவிட்டுப் போய்விட்டேன். கண் மறந்துவிட்டது. உள்ளங்கை மறக்கவில்லை.

வீட்டுக்கு வந்து பாப்பாவின் வீட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். சுவர் இருந்தது, நாக்கு இருந்தது. கைப்பிடி இல்லை. அங்கே போய்வருவதற்கு முன்னால் நான் கைப்பிடி போட்டதே இல்லை. என்னைக் காப்பாற்ற வந்த அதே வீடு எனக்கு எதிராகவும் சாட்சி சொன்னது.

உங்கள் அம்மாவிடம் அதையும் சொன்னேன். நீங்கள் இரண்டு பேரும் டிவி பார்ப்பது போல உட்கார்ந்திருந்தீர்கள். சத்தத்தை யாரோ குறைத்ததை நான் கவனித்தேன்.

"அவங்க அதைக் கேட்டாங்களா?" என்றாள் அம்மா.

"கேட்டாலும் கேப்பாங்க."

"கேட்டா எல்லாருந்தான் போடுறாங்கன்னு சொல்லுங்க. கைப்பிடி இல்லாத பொட்டி இருக்குதா ஊர்ல?"

"உள்ள மடிச்ச கைப்பிடி எல்லாத்துலயும் இல்லடி."

அவள் டிவி பக்கம் ஒரு தடவை பார்த்தாள். பிறகு சொன்னாள்: "எனக்கு உங்க வேலை போகக்கூடாது. அவ்ளோதான். உங்களுக்கு இன்னா போகக்கூடாதுன்னு நீங்களே பாத்துக்கங்க."

திங்கட்கிழமை காலையில் அட்டை வீட்டை மடியில் வைத்துக்கொண்டு மெட்ரோவில் போனேன். ஸ்டேஷனில் செக்யூரிட்டிக்காரர் அதை ஸ்கேனிங் மெஷினில் போடச் சொன்னார். ஸ்ட்ரா உடைந்துவிடும் என்றேன்.

"ஏன்ரீ இது?" என்றார், என்ன இது என்று.

"மனெ சார்," என்றேன். வீடு என்று.

"எல்லாரும் மனெயிலிருந்து வேலைக்குப் போவாங்க, நீங்க மனெயையே எடுத்துட்டுப் போறீங்களா?" என்று கன்னடத்தில் கேட்டுவிட்டு விட்டுவிட்டார். பக்கத்தில் இருந்தவர்கள் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. மெஜஸ்டிக்கில் பச்சை லைன் மாறி பீன்யா இறங்கும்வரை ஒரே வாக்கியத்தை இரண்டு விதமாகச் சொல்லிப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

பதினோரு மணிக்கு எங்கள் ஓனர் ரூமில் ஐந்து பேர். ஜாடிக் கம்பெனியிலிருந்து வந்த மேடம், ஐம்பது வயதிருக்கும், தாத்தா காலத்திலேயே பெங்களூரில் குடியேறிய தமிழ்க் குடும்பம். மெயில் போட்ட பாக்ஸ் கம்பெனி ஓனர். அவரோடு வந்த டிசைனர் ஒரு பெண், இருபத்தைந்து வயதுக்குள். மடியில் தன் பெட்டியை வைத்திருந்தாள், நான் வீட்டை வைத்திருந்தது மாதிரியே.

"சொல்லுங்கோ," என்றார் மேடம். "இந்த ரெண்டு சுவர் எங்கேர்ந்து வந்தது?"

நான் அக்கா செய்த காலண்டர் மறைப்பை மேஜையில் நிறுத்தினேன். மெழுகுவர்த்தி, காற்று, கருகிய தாள் எல்லாம் சொன்னேன். பிறகு வீட்டின் கூரையை எடுத்துவிட்டு நாக்கை ஒவ்வொன்றாக இழுத்தேன். ஒரு நாக்கு கொஞ்சம் கிழிந்தது. சுவர் விரிந்து ஒரே அட்டையாக மேஜையில் படுத்தது. டீச்சர் கையெழுத்தை மேடம் கண்ணாடியைத் தூக்கிவிட்டுப் படித்தார். அதைப் படமும் எடுத்துக்கொண்டார்.

"இது போறும். சுவரும் பூட்டும் உங்களோடதுதான். கைப்பிடி?"

நான் வாயைத் திறப்பதற்குள் எங்கள் ஓனர் முந்திக்கொண்டார். "கைப்பிடி காமன் மேடம். எல்லா பாக்சுக்கும் இருக்குது."

மேடம் தலையை ஆட்டி எழுதத் தொடங்கினார். அந்தக் கம்பெனி ஓனர் எதையோ சொல்ல வந்து, எப்படிச் சொல்வது என்று தெரியாமல் நின்றார். அந்தப் பெண் தன் பெட்டியின் கைப்பிடிக்குள் நான்கு விரலை நுழைத்து அப்படியே பிடித்துக்கொண்டிருந்தாள். அவ்வளவுதான் நடந்தது. பேனா ஓடிக்கொண்டிருந்தது. அது எழுதி முடித்துவிட்டால் நான் தப்பித்தேன்.

"மேடம், கைப்பிடி காமன் இல்லை," என்றேன். "உள்ளே மடிக்கிறது அவங்களோடது. அவங்க ஷெல்ஃபில தூக்கிப் பார்த்தேன். போடும்போது எனக்கு ஞாபகம் இல்லை. நேத்துதான் ஞாபகம் வந்தது."

எங்கள் ஓனர் என்னைப் பார்க்கவே இல்லை. ஜன்னலைப் பார்த்தார்.

மேடம் பாராட்டுவார் என்று எதிர்பார்த்தேனோ என்னவோ. அவர் பேனாவை மூடிவிட்டு, "இதை நேத்தே மெயில்ல சொல்லியிருந்தா எல்லார் வேலையும் கெட்டிருக்காதே," என்றார். பிறகு அந்தப் பெண்ணைக் கேட்டார்: "உனக்கு எங்கேர்ந்து வந்தது?"

அவள் கன்னடத்தில் சொன்னாள். அவள் அம்மா மார்க்கெட் பையைத் தூக்கும்போது கைக்குட்டையை மடித்துப் பையின் காதுக்குள் வைத்துப் பிடிப்பாராம். அறுக்காமல் இருக்க. எனக்குச் சீதாப்பழப் பை ஞாபகம் வந்தது. அவள் அம்மாவின் கைக்குட்டையைத்தான் நான் எனக்கே தெரியாமல் எடுத்து வந்திருக்கிறேன்.

முடிவு இப்படி ஆயிற்று. கைப்பிடியை நாங்கள் எடுத்துவிட வேண்டும். கைப்பிடி இல்லாத பெட்டியில் மூன்று ஜாடி வைத்து இடுப்பு உயரத்திலிருந்து ஒவ்வொரு மூலையாகப் போட்டுப் பார்ப்பார்கள். உடையாவிட்டால் ஆர்டரில் பாதி எங்களுக்கு, பாதி அவர்களுக்கு. நான் பார்த்து எடுத்தேன் என்று கைப்பட எழுதிக் கொடுக்க வேண்டும் என்று அந்த ஓனர் கேட்டார். எழுதிக் கொடுத்தேன். என் எழுத்து கோணலாக இருந்தது.

வியாழக்கிழமை பெட்டியைப் போட்டுப் பார்த்தோம். எட்டு மூலையும் போட்டோம். ஒவ்வொரு தடவையும் மேடம் குனிந்து காதை வைத்துக் கேட்டார். ஜாடி உடையவில்லை. பாதி ஆர்டர் தங்கியது, அதோடு என் மேஜையும் தங்கியது. பாதி போனதற்காக ஓனர் இரண்டு வாரம் என்னோடு பேசவில்லை. சொல்ல வேண்டியதைச் சீட்டில் எழுதி மேஜையில் வைத்தார். பஞ்சிங் மெஷின் பக்கம் போனால் பையன்கள், "மாஸ்டர், என் டிபன் பாக்சைப் பாக்காதீங்க, நாளைக்கு டிசைன் ஆயிடும்," என்றார்கள். பொறுத்துக்கொண்டேன். அது பொய்யில்லையே.

மூன்றாவது வாரம் ஓனர் ஒரு புது வேலையைக் கொண்டுவந்து வைத்தார். பீங்கான் தட்டு, ஆறு. மேஜையில் வைத்துவிட்டுச் சொன்னார்: "இதுக்கு எங்கயும் போய்ப் பாக்காதே."

"பார்ப்பேன் சார். பார்த்தா எங்க பார்த்தேன்னு எழுதி வைக்கிறேன்."

"ஹௌதா," என்றார். அப்படியா என்று. அவ்வளவுதான், ஆனால் பேசினார்.

இப்போது சரிவராத சாம்பிள் ஒவ்வொன்றிலும் தேதி போடுகிறேன். ஒரு நோட்டுப் போட்டிருக்கிறேன். இடப்பக்கம் மடிப்பின் படம், வலப்பக்கம் எங்கே பார்த்தேன் என்று. முதல் பக்கத்தில் 'இரண்டு சுவர், அக்காவின் மெழுகுவர்த்தி'. இரண்டாவது பக்கத்தில் 'உள்மடிப்புக் கைப்பிடி, அந்தப் பெண்ணின் அம்மா, கைக்குட்டை. எடுக்கக் கூடாது'. மூன்றாவது பக்கம் காலியாக இருக்கிறது. எங்கள் பெட்டி கைப்பிடி இல்லாமலேதான் போகிறது. டெலிவரிக்காரர்கள் அதை மார்போடு அணைத்துத் தூக்குகிறார்கள், திட்டுகிறார்கள். எனக்கென்று ஒரு பிடி இன்னும் கிடைக்கவில்லை. பஸ்ஸில், மார்க்கெட்டில், ஆஸ்பத்திரி வாசலில் யார் எதை எப்படித் தூக்குகிறார்கள் என்று பார்த்துக்கொண்டே நடக்கிறேன். இரண்டு தடவை முறைத்துவிட்டார்கள்.

பாப்பா, உன் வீட்டைத் திரும்ப மடித்து பீரோமேல் வைத்துவிட்டேன். குழாயில் கை வைக்கவில்லை. கிழிந்த நாக்கு மட்டும் நிற்க மாட்டேன் என்கிறது, அதற்கு மட்டும் டேப் போட்டேன். தம்பி, நாளைக்குக் காலையில் நீங்கள் இரண்டு பேரும் தண்ணீர் கேனை மாடிக்கு ஏற்றும்போது நான் படியில் நின்று பார்ப்பேன். உதவி செய்ய வரவில்லையென்று கத்தாதீர்கள். உங்கள் கை அதை எங்கே பிடிக்கிறது என்று நான் பார்க்க வேண்டும். கிடைத்தால், மூன்றாவது பக்கத்தில் உங்கள் இரண்டு பேர் பெயரையும் எழுதுவேன்.